நாயுணவின் வரலாறு

செங்கலடிப் பகுதியில் நாய்க்கு வீட்டுச் சோறும் மீன்முள்ளுமே தலைமுறை தலைமுறையாக உணவு. இவ்வீட்டு மிச்சம் பிற நாடுகளில் விலைச் சரக்கானது எவ்வாறு?

1860ஆம் ஆண்டளவில் இலண்டனில், ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், மாலுமிகளின் வறட்டு பிஸ்கற்றைப் பின்பற்றி, கோதுமையும் இறைச்சியும் கலந்த நாய்ப் பிஸ்கற்றை விற்கலானார். வேட்டைநாய் வளர்த்த செல்வரே அதனை வாங்கினர். அந்நிறுவனத்திற் சிற்றூழியராகச் சேர்ந்த சார்ள்ஸ் கிரஃப்ட், 1891இல் தம் பெயராலேயே நாய்க் கண்காட்சி நடத்தினார். பண்டத்தோடு அதற்கான தேவையும் ஆக்கப்பட்டது. 1922இல் அமெரிக்காவில், மோட்டார் வாகனங்களால் வேலையற்றுப்போன குதிரைகளின் இறைச்சி நாயுணவாகத் தகரங்களில் அடைக்கப்பட்டது.

இலாபம் மலிவான மூலப்பொருளை நாடும். மலிவான மூலப்பொருள் மலிவான உழைப்பை நாடும். இந்தோனேசியத் தீவொன்றிலுள்ள பெஞ்சினாவில் மியன்மார் மீனவர் கூண்டிலடைக்கப்பட்டு அடிமைகளாக வேலை வாங்கப்பட்டமையை 2015இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. அவர்கள் பிடித்த மீன், தாய்லாந்து வழியாக, அமெரிக்காவின் வளர்ப்புப்பிராணி உணவுத் தொழிலையும் சென்றடைந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னர் விடுதலை பெற்றனர்.

விலங்கிடத்து அன்பு நன்றே. ஆயின், மட்டக்களப்பு வாவியில் வலைவீசும் மீனவரின் வாழ்வை அறிந்த நாம், கடைத்தட்டிலுள்ள நாயுணவுப் பொதியைக் காணும்போது, அதனை நிரப்பிய கைகள் யாருடையவை, அவற்றுக்குக் கிடைத்த கூலி என்ன என்று கேட்க நம் மாணவரைப் பழக்குதல் வேண்டும்.