தத்து, தடை, இல்லம்: முத்துலட்சுமி ரெட்டியும் குழந்தை வளர்ப்புரிமை வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

பிறர் பெற்ற குழந்தையை வளர்க்க முன்வருபவரின் நோக்கத்தையும் தகுதியையும் அரசு ஆராயும் நடைமுறையை இக்காலச் சட்டங்களைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள இயலாது. தேவதாசியர் தத்தெடுப்பு பற்றிய வழக்குகளிலும், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி உருவாக்கிய அவ்வை இல்லத்திலும் அதன் முன்வரலாறு அமைந்திருப்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு, தேவதாசி முறை, புதுக்கோட்டை, அவ்வை இல்லம்.

செவிலியும் இளம்பூதியும்

வளர்ப்புத்தாய்க்கு இலக்கியச் சான்று தேடுவோர் பெரும்பாலும் அகப்பாடல்களின் செவிலியையே சுட்டுவர். இது முழுதும் பொருந்துவதன்று. நற்றாய் உயிரோடு உடனிருக்கும் வீட்டிலேயே செவிலி வளர்க்கிறாள். அவள் தாயின் இடத்தை நிரப்ப வந்தவள் அல்லள். பெற்றோரை இழந்த குழந்தைக்கு நெருக்கமான சான்று மணிமேகலையின் ஆபுத்திரன். சாலி கைவிட்டுச் சென்ற அவனை, ஏழு நாள் பசுவொன்று பாலூட்டிக் காத்தபின், வயனங்கோட்டு இளம்பூதி கண்டெடுத்து மகனாக வளர்க்கிறான். வேள்விப் பசுவை விடுவித்ததால் எழுந்த பூசலில் அவனது பிறப்பு வெளிப்படுகிறது. வளர்த்தவனே அவனை வீட்டிலிருந்து விலக்கிவிடுகிறான். பிறப்பு தெரியாதவரை நிலைத்த வளர்ப்பு, தெரிந்தவுடன் முறிகிறது. 20-ஆம் நூற்றாண்டிலும் இச்சிக்கல் தீரவில்லை.

நோக்கம் என்னும் அளவுகோல்

இந்து சட்டத்தில் தத்து என்பது முதன்மையாக மகனுக்குரியது. நீத்தார் கடனும் குலத்தொடர்ச்சியுமே அதன் அடிப்படை. பெண் ஒருத்தி தனக்கென ஒரு மகளைத் தத்தெடுத்தல் அதில் இடம்பெறவில்லை. இதற்கு விலக்காக நின்றவர்கள் தேவதாசியர். அவர்களுக்கு வளர்ப்புமகள் கோயில் ஊழியத்தின் தொடர்ச்சி, மானிய நிலத்தின் வாரிசு, முதுமைக்குத் துணை. அவ்வழக்கத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1880-இல் மதுரா நாயகின் வழக்கில் ஏற்க மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் வேறு வழியில் சென்றது: 1888-இல் வெங்கு எதிர் மகாலிங்கம் வழக்கில் அத்தகைய தத்தை வழக்காறு என்ற நிலையில் ஏற்றது. எனினும், சிறுமியரைப் பரத்தைமைக்காக விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் நடைமுறையில் இருந்தமையால், குழந்தை எதற்காகப் பெறப்பட்டது என்ற வினாவைத் தவிர்க்க இயலவில்லை. பிரிவுகள் குறித்த வயது வரம்பு 1924-இல் 16-லிருந்து 18-ஆக உயர்த்தப்பட்டது.

வளர்ப்பவரின் நோக்கத்தை விசாரிக்கும் மரபு தமிழ்நாட்டில் குற்றவியல் ஐயத்தின் வழியே வேர்கொண்டது என்பது இங்குக் கருதத்தக்கது. அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே தாசி ஒருவரிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டவர் மூவலூர் இராமாமிர்தம். அம்முறையை எதிர்த்துப் பின்னாளில் போராடிய அவர், 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தையும் எழுதினார். மறுபுறம், பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தனர். சொத்தும் கலையும் பெண்வழி இறங்கிய ஒரே அமைப்பு தம் கையிலிருந்து பறிபோகிறது என்ற அவர்களது அச்சத்தைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றெழுத்துக்கு முறையாகாது.

புதுக்கோட்டைப் பின்புலம்

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்த முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவோடு அவர் சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறப்பைக் கொண்டு ஒரு பெண் எங்ஙனம் மதிப்பிடப்படுவாள் என்பதை அவர் நூல்வழி அறிய வேண்டியிருக்கவில்லை.

1926-இல் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1929-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கடப்பாட்டிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. இவை சென்னை மாகாணச் சட்டங்கள். தனி அரசாயிருந்த புதுக்கோட்டையை அவை தாமாகக் கட்டுப்படுத்தவில்லை. சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் மாகாணத்தோடு இணைந்தது. பிறந்த ஊருக்கு எட்டாத சட்டத்திற்காக அவர் இருபதாண்டுக் காலம் உழைத்தார் என்பது வாழ்க்கை வரலாறுகளில் போதிய அழுத்தம் பெறாத செய்தி.

அவ்வை இல்லம்

1930-இல் தேவதாசி மரபைச் சேர்ந்த இளம்பெண்கள் சிலர் அவரது வீட்டை நாடி வந்தனர். அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் மறுத்தன. இளம்பூதி செய்ததையே அவை செய்தன. வேறு வழியின்றித் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அங்ஙனம் தோன்றியதே பின்னாளில் அடையாறில் நிலைபெற்ற அவ்வை இல்லம். பெற்றோரால் கைவிடப்பட்டுப் பாணரிடம் வளர்ந்தவர் என்று பிற்காலக் கதைகள் கூறும் ஒளவையின் பெயர் அதற்கு அமைந்தது பொருத்தமே.

ஒரு வகை வளர்ப்பைத் தடுக்கச் சட்டம் போதும். தடுத்தபின் அக்குழந்தை இரவில் எங்கே உறங்கும் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. சென்னைக் குழந்தைகள் சட்டம் 1920-லேயே இயற்றப்பட்டிருந்தும், இப்பெண்களுக்குக் கதவைத் திறந்தது தனிமனிதர் ஒருவரின் வீடு. அவ்வீடு நிறுவனமானது, பள்ளியும் தொழிற்பயிற்சியும் சேர்ந்தன. குடும்பங்கள் ஏற்காத நிலையில் நிறுவனமாவதைத் தவிர அதற்கு வழியிருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

நிறுவனத்திலிருந்து குடும்பத்திற்கு

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் மகளைத் தத்தெடுக்கவும், திருமணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தத்தெடுக்கவும் இடமளித்தது. உரிமை மாற்றமின்றி வளர்த்தலுக்கான தெளிவான ஏற்பாடு 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும், விரிவாக 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலும் காணப்படுகிறது. தத்து போலன்றி, வளர்ப்புப் பராமரிப்பு பிறந்த குடும்ப உறவை அறுப்பதில்லை.

இன்று புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இப்பணியை மேற்கொள்கிறது. விண்ணப்பித்தவரின் வீட்டைச் சமூகப் பணியாளர் நேரில் ஆய்கிறார். குழந்தைகள் நலக் குழு ஆணையிடுகிறது. ஒப்படைத்தபின் மாதந்தோறும் குடும்பத்தைப் பார்வையிட வேண்டுமெனச் சட்டம் அக்குழுவைப் பணிக்கிறது. வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் வழங்க வழியுண்டு. எத்தகைய நோக்கத்தோடு குழந்தையைக் கேட்கிறார் என்ற பழைய வினா இங்கும் தொடர்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் குழந்தை வளர்ந்தபின் எழுந்த அவ்வினா, குழந்தையை ஒப்படைக்கும் முன்பே எழுப்பப்படுகிறது.

2024-ஆம் ஆண்டின் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள், 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனிநபரும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்கின்றன. கணவனின்றி வாழும் பெண் ஒரு மகளை வளர்க்கக் கேட்பதே ஐயத்திற்குரியதாக இருந்த 1888-க்கும் இதற்கும் இடையே 136 ஆண்டுகள்.