மார்செய் விலையும் வில்லியனூர்க் கடனும்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் உழவரை உலகப் பணச் சந்தையோடு பிணைத்த பயிர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஏரிப் பாசனமுள்ள பாகூரில் நெல்தான் பெரிது. ஆனால் மேட்டுப் புஞ்சைகளிலும், அதைவிட அதிகமாக எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் தென்னார்க்காட்டிலும் விளைந்த மல்லாட்டை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறியது. அங்கே அது எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக ரயில் வந்ததும் வரத்து பெருகியது.

இந்த வணிகம் முன்பணத்தில்தான் ஓடியது. 1875இல் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி புதுச்சேரியில் ரூபாய் நோட்டுகளையே வெளியிட்டது. ஏற்றுமதியாளர் கடன் வாங்கித் தரகருக்குக் கொடுக்க, தரகர் அதை அறுவடைக்கு முன்பே உழவருக்குக் கொடுத்தார். வரப்போகும் விளைச்சலே ஈடு. விலை ஏறிய காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. நிலத்தின் மதிப்பும் கூடவே ஏறியதால், அதைக் காட்டி மேலும் கடன் வாங்க முடிந்தது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. விளைபொருள் விலைகள் அதற்கு முன்பே தளர்ந்திருந்தன. எல்லாப் பழியையும் அந்தச் சந்தைமேல் போடுவது வழக்கமே தவிர நியாயமல்ல. ஆனால் சரிவுக்குப் பின் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். சரக்கை இருப்பு வைத்திருந்தவர்கள் ஒரே சமயத்தில் விற்க முண்டினார்கள். சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மல்லாட்டை விலை பாதிக்கும் கீழே இறங்கியது. பத்திரத்தில் எழுதிய கடனோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. முன்பு பத்து மூட்டையில் தீரக்கூடிய கடனுக்கு இப்போது இருபது மூட்டையும் போதவில்லை.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ரூபாயின் மதிப்பும் இறங்க, தங்கத்தின் விலை உயர்ந்தது. அதுவரை தங்கத்தை இறக்குமதி செய்துவந்த இந்தியா ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அந்தத் தங்கத்தில் பெரும்பங்கு, கிஸ்திக்கும் வட்டிக்கும் வழியில்லாத கிராமத்தார் விற்ற நகை. இதை லாபம் பார்த்து விற்றதாக எழுதியவர்களும் உண்டு. தாலிக்கொடி வரை கழற்றியவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

1938இல் சென்னை மாகாணத்தின் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டியை அது தள்ளுபடி செய்தது. புதுச்சேரியைச் சுற்றி பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஊர்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தாலும், சென்னை மாகாணச் சட்டம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் செல்லவில்லை.