வாசல் யார் கையில்? ஹைலேண்ட் லீக்கும் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் படிநிலையும்

ஸ்காட்லாந்துக் கால்பந்தின் இன்றைய படிநிலையில் ஹைலேண்ட் லீக்குக்கு ஐந்தாம் தட்டு. அதற்கு மேலே நான்கு பிரிவுகளில் 42 கழகங்கள் ஆடுகின்றன. அதே தட்டில் தெற்குப் பகுதிக்கு லோலேண்ட் லீக் இருக்கிறது. இந்த அடுக்கைப் பார்க்கிறவர்கள் ஐந்தாம் தட்டு என்றால் ஐந்தாம் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பது என்பதே என் வாதம். வடக்கின் கழகங்கள் ஆடித் தோற்று இந்த இடத்துக்கு இறங்கவில்லை. நூறு ஆண்டுகள் மேல் தட்டுக்கான வாசல் அவற்றுக்கு அடைத்தே இருந்தது. திறந்த பிறகும் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் திறந்திருக்கிறது. ஆகவே அந்த எண் ஆட்டத்தின் தரத்தைவிட நிர்வாகத்தின் முடிவுகளையே அதிகம் சொல்கிறது.

ஸ்காட்டிஷ் லீக் 1890இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த கழகங்கள் அனைத்தும் கிளாஸ்கோவையும் எடின்பரோவையும் சுற்றிய நடுப் பகுதியைச் சேர்ந்தவை. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1893இல், இன்வர்னெஸ் நகரில் ஹைலேண்ட் லீக் உருவானது. எனவே பிறப்பில் இது யாருடைய கிளையும் அன்று. தன் ஊர்களுக்காகத் தானே அமைத்துக்கொண்ட தனி அமைப்பு. கழகங்களின் பெயர்களிலேயே அந்த ஊர்களின் தொழிலும் வாழ்வும் இருக்கின்றன. ஃபோரஸ் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். இன்வரூரி லோகோ வொர்க்ஸ் ரயில் எஞ்சின் பட்டறையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்வர்னெஸின் கிளாக்நாகடின் கழகத்தின் பெயர் ஒரு கல்லின் பெயர். நெஸ் ஆற்றில் நீர் முகந்து வந்த பெண்கள் தொட்டிகளை இறக்கிவைத்து இளைப்பாறிய சுமைதாங்கிக் கல் அது. முதல் பருவத்தில் ஆடிய கழகங்களில் ஃபோரஸும் கிளாக்நாகடினும் இன்றும் இதே லீக்கில் ஆடுகின்றன. இவ்வளவு நீண்ட தொடர்ச்சியை 'அமெச்சூர் ஊக்கம்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

வாசல் அடைத்திருந்தது என்பதற்கு 1974ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்காட்டிஷ் லீக்கில் ஓரிடம் காலியானது. இன்வர்னெஸ் திசில் அதைக் கேட்டது. ஃபெராண்டி திசில் என்ற எடின்பரோ நகரத் தொழிற்சாலைக் கழகமும் கேட்டது. இருந்த கழகங்கள் வாக்களித்தன. 21க்கு 16 என்ற கணக்கில் எடின்பரோ அணி வென்று, மெடோபேங்க் திசில் என்று பெயர் மாற்றிக்கொண்டு உள்ளே போனது. அந்த இடத்தை முடிவு செய்தது மைதானத்தில் நடந்த ஆட்டம் அன்று. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் கை எண்ணிக்கை. வட மலைநாட்டின் மிகப் பெரிய நகரம் இன்னும் இருபது ஆண்டுகள் வெளியே நின்றது.

தூரமும் பருவநிலையும் இதற்கு நியாயமான காரணங்கள்தாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1979இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் இன்வர்னெஸ் திசிலும் ஃபால்கர்க்கும் மோத வேண்டிய ஆட்டம் குளிரின் கடுமையால் 29 முறை தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் ஆட்டம் நடந்தபோது ஃபால்கர்க் 4-0 என வென்றது. வடகோடியில் இருக்கும் விக் நகரிலிருந்து அபர்டீனுக்கு ஆட வருவதென்றால் சாலை வழியே ஒரு பக்கம் மட்டும் 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த விக் அகாடமி 1994இல் ஹைலேண்ட் லீக்கில் சேர்ந்து இத்தனை ஆண்டுகளாக ஆடிவருகிறது. வேலைக்குப் போய்வந்து பகுதிநேரமாக ஆடுகிறவர்கள் சனிக்கிழமைதோறும் தாண்டுகிற தூரத்தை, அவர்களைவிட வசதி மிகுந்த நடுப் பகுதிக் கழகங்கள் பருவத்துக்கு ஓரிரு முறை தாண்டுவது இயலாத காரியம் என்ற வாதம் எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாகப் படவில்லை.

1994இல் ஸ்காட்டிஷ் லீக் 40 கழகங்களாக விரிந்தபோது வடக்கிலிருந்து இரு கழகங்கள் நுழைந்தன. ஒன்று ராஸ் கவுன்ட்டி. மற்றொன்று, பரம எதிரிகளான கலிடோனியனும் திசிலும் ஊர்ப் பூசல்களுக்கு நடுவே இணைந்து உருவான இன்வர்னெஸ் கலிடோனியன் திசில். அடுத்து நடந்தவைதான் என் வாதத்தின் முதுகெலும்பு. 2000 பிப்ரவரியில் இன்வர்னெஸ் அணி கிளாஸ்கோவுக்கே போய் அந்நகரின் பெருங்கழகமான செல்டிக்கை 3-1 எனக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது. சில ஆயிரம் பேரே வாழும் டிங்வால் என்ற சிற்றூரின் ராஸ் கவுன்ட்டி, 2010 அரையிறுதியில் அதே செல்டிக்கை 2-0 என வென்று ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிக்குப் போனது. 2015இல் இன்வர்னெஸ் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது; 2016இல் ராஸ் கவுன்ட்டி லீக் கோப்பையை வென்றது. உள்ளே வந்து இருபத்திரண்டு ஆண்டுகளில் நாட்டின் இரண்டு பெரிய கோப்பைகளும் வடக்கே போயின. தரமில்லாத இடத்திலிருந்து இப்படி ஒரு விளைச்சல் வராது. உள்ளே விடுவதற்கு முன்பும் அறிகுறிகள் இருந்தன: எல்கின் சிட்டி ஹைலேண்ட் லீக்கில் இருந்தபடியே 1968இல் கோப்பையின் காலிறுதி வரை போயிருந்தது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு இந்த வெற்றிக் கதைகளுக்கு வெளியேதான் இருக்கிறது. 2018-19 பருவத்தில் ஃபோர்ட் வில்லியம் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, இரண்டே சமநிலை. 9 புள்ளிகள் பறிக்கப்பட்டதால் மைனஸ் 7 புள்ளிகளோடு பருவத்தை முடித்தது. இப்படி ஒரு கழகம் ஆடும் லீக்கை எப்படி உயர்வாகப் பேசுவது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் ஒரு லீக்கின் அடி அதன் முடியை அளக்கும் கோல் ஆகாது. 2017-18இல் நாட்டின் இரண்டாம் தட்டில் ஆடிய பிரீகின் சிட்டி 36 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அதை வைத்து அந்தத் தட்டையே யாரும் மட்டம் தட்டவில்லை. அதே பிரீகின் 2021இல் ஹைலேண்ட் லீக்குக்கு இறங்கி வந்தது. வந்த வேகத்தில் பட்டத்தைத் தட்டிச் செல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. முதல் பருவத்தில் பட்டம் மீன்பிடித் துறைமுகமான ஃபிரேசர்பரோவின் கழகத்துக்குப் போனது. நான்காம் தட்டுக்கும் ஐந்தாம் தட்டுக்கும் நடுவே உள்ள சுவர் காகிதத்தில் தெரிகிற அளவுக்குத் தடிப்பானது அன்று. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ப்ரோரா ஊரின் அணி 2021 மார்ச்சில் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணியை 2-1 எனக் கோப்பையில் வென்றதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கையிலிருந்து வருகிறது. 2015இல் ஹைலேண்ட், லோலேண்ட் சாம்பியன்கள் தங்களுக்குள் இரு ஆட்டங்கள் மோதி, வென்றவர் 42ஆம் இடத்துக் கழகத்தோடு மேலும் இரு ஆட்டங்கள் ஆட வேண்டும் என்ற முறை வந்தது. இவ்வழியே 2025 வரை மேலேறிய ஆறு கழகங்களில் வடக்கைச் சேர்ந்தது 2019இல் ஏறிய கோவ் ரேஞ்சர்ஸ் மட்டுமே. தெற்கில் மக்கள்தொகை அதிகம், ஆட்டக்காரர்களும் அதிகம். இந்தப் போட்டியில் தெற்கு வலுவாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறிய அந்த ஒரே கழகம் என்ன செய்தது? 2020இல் நான்காம் தட்டின் பட்டம், 2022இல் மூன்றாம் தட்டின் பட்டம். கோவ் அபர்டீன் நகரை ஒட்டிய வசதியான கழகம் என்பது உண்மைதான். அப்படிப்பட்ட கழகமும் மேலேறுவதற்கு முந்தைய ஆண்டு 42ஆம் இடத்துக் கௌடன்பீத்திடம் தோற்று வாசலிலேயே நின்றது. கடைசி இடத்தில் முடித்த கழகத்துக்கு ஒரு மறுவாய்ப்பையும், முதலிடத்தில் முடித்த கழகத்துக்கு இரண்டு தடைகளையும் வைக்கும் முறை, உள்ளே இருப்பவரைக் காப்பதற்கென்றே அமைந்தது. 1974இல் கைகளை எண்ணியவர்களின் மனநிலை இதில் முழுதாக மறையவில்லை.

ஆடுகளத்துக்கு வெளியே உள்ள தடைகள் இன்னும் கூர்மையானவை. 2004இல் இன்வர்னெஸ் முதல் தட்டுக்குத் தகுதி பெற்றபோது அதன் மைதானத்தில் விதி கேட்ட எண்ணிக்கையில் இருக்கைகள் இல்லை. அதனால் அடுத்த ஜனவரி வரை அது தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களை 160 கிலோமீட்டருக்கு அப்பால், அபர்டீனின் பிட்டோட்ரி மைதானத்தில் ஆடியது. இருபது ஆண்டுகள் கழித்து அதே கதை வேறு உருவில் வந்தது. 2024இல் ஹைலேண்ட் பட்டம் வென்ற பக்கி திசில், அந்த ஜனவரியில்தான் செல்டிக்கின் மைதானத்தில் கோப்பை ஆட்டம் ஆடித் திரும்பியிருந்தது. மேலேறும் போட்டிக்குத் தேவையான உரிமத் தரநிலை அதனிடம் இல்லை. பார்வையாளரின் பாதுகாப்புக்கும் நிதி ஒழுங்குக்கும் தரநிலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தகுதி பெற்ற அணிக்கு ஒரு பருவம் அவகாசம் தந்து தரநிலையை எட்டச் செய்வதும், ஆடவே விடாமல் நிறுத்துவதும் ஒன்றல்ல. அந்த மே மாதம் லோலேண்ட் சாம்பியன் ஈஸ்ட் கில்பிரைட் நேரே 42ஆம் இடத்து ஸ்ட்ரான்ரேரை எதிர்கொண்டது. ஸ்ட்ரான்ரேர் வென்று தன் இடத்தைக் காத்துக்கொண்டது. வடக்கின் சாம்பியன் ஓர் ஆட்டமும் ஆடாமலே அடுத்த பருவத்தை ஹைலேண்ட் லீக்கிலேயே தொடங்கியது.