எண்ணிக்கையும் பாதுகாப்பும்: செட்டிநாட்டுப் பலகாரக் கூடங்களும் தொழிற்சாலைச் சட்டமும்

செட்டிநாட்டு வீடுகளில் திருமணம் முதலிய நிகழ்வுகளுக்கெனச் செய்யப்பட்ட தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் ஆகியன இன்று காரைக்குடியின் விற்பனைப் பொருள்கள். அடுப்படி தொழிற்கூடமாக மாறியபோது கொதிக்கும் எண்ணெய், அரவை எந்திரம் ஆகியவற்றின் இடர்களும் தொழிலாளரைச் சேர்ந்தன.

இவ்விடர்கள் எப்போது விதிமீறலாகின்றன என்பதை ஆட்தொகையே முடிவுசெய்து வந்துள்ளது. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் எந்திர விசையுடன் 100 பேராவது பணிபுரியும் கூடங்களையே கருதியது. அவ்வெண் 1891இல் 50 ஆகவும், 1922இல் 20 ஆகவும் குறைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எந்திர விசையுள்ள கூடத்திற்கு 10, அஃதில்லாததற்கு 20 என வரையறுத்தது.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு எந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்கப் பணித்தது. ஆயினும் ஒன்பது பேர் பணிபுரிந்த கூடத்தில் தடுப்பற்ற எந்திரத்தில் கை சிக்கினால் அது விபத்தாக மட்டுமே இருந்தது, அச்சட்டத்தின்படி விதிமீறலாகவில்லை. சிறு கூடங்களையும் அறிவிக்கை வழியே சட்டத்திற்குள் கொணர 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரமளித்தது. அறிவிக்கை இல்லாதவிடத்து இடைவெளி நீடித்தது.

2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான வரம்பை 20, 40 என உயர்த்தியது. 67 ஆண்டுகள் படிப்படியாக இறங்கிய எண் மீண்டும் ஏறியுள்ளது. எனவே, பதிவேடுகளில் விதிமீறல்கள் குறைந்து காணப்படுவதை மட்டும் கொண்டு பாதுகாப்பு மேம்பட்டதாக முடிவுசெய்தல் பொருந்தாது. எண்ணப்படாத கூடங்களையும் ஆய்வு கணக்கில் கொள்ள வேண்டும்.