உறையின் மூலையில் ஓர் எழுத்து



பேரப்பிள்ளைகளுக்கு வீடியோ கேம் வாங்கும்போது, உறையின் மூலையில் இருக்கும் எழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1993-ல் அமெரிக்க செனட், வன்முறை விளையாட்டுகள் பற்றி விசாரணை நடத்தியது. அரசு சட்டம் போடுவதற்குள் 1994-ல் விளையாட்டுத் துறையினரே இ.எஸ்.ஆர்.பி. என்ற தரவாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். 2004-ல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டுக்கு அவர்கள் தந்தது 'எம்', அதாவது 17 வயதும் அதற்கு மேலும். மறு வருடம், உள்ளே பூட்டி வைத்திருந்த ஓர் ஆபாசக் காட்சியை நெதர்லாந்து ரசிகர் ஒருவர் திறந்து காட்டினார். தயாரித்த நிறுவனம் முதலில் வெளியார் மீது பழி போட்டது. ஆனால் காட்சி அவர்கள் விற்ற வட்டிலேயே இருந்தது. 2005 ஜூலையில் தரம் 'ஏ.ஓ.' ஆனது, 18 வயதானவர்களுக்கு மட்டும். ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனால் பெரிய கடைகள் அதை விற்பதையே நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கே தடை. அதன்பின், வட்டில் பூட்டியிருப்பதையும் வாரியத்திடம் சொல்லியாக வேண்டும் என்றானது.

வங்கியில் நான் கற்றதும் இதுதான்: காட்டாத கணக்கைத் தணிக்கை செய்ய முடியாது. ஆகவே எழுத்தைப் பாருங்கள். பிள்ளை விளையாடும்போது பத்து நிமிடம் பக்கத்திலும் உட்காருங்கள்.