பாரிஸுக்குப் போனாலும் விடாத வரி

உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே அமெரிக்க அரசின் கஜானா தடுமாறியது. 1861 ஆகஸ்டில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்நாட்டின் முதல் வருமான வரி. ஆண்டு வருமானம் 800 டாலரைத் தாண்டினால் 3 சதவீதம். வெளிநாட்டில் குடியிருக்கும் குடிமகன் என்றால், அமெரிக்காவில் உள்ள சொத்து, பங்குகளிலிருந்து அவனுக்கு வரும் வருமானத்துக்கு 5 சதவீதம். ஊரில் இருப்பவனைவிட வெளியே இருப்பவனுக்குக் கூடுதல்!

நாட்டில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்க, பாரிஸில் உட்கார்ந்து பங்குப் பணத்தில் காலம் தள்ளும் பணக்காரர்கள் மேல் இருந்த எரிச்சலை 1864இல் நடந்த செனட் விவாதத்தில் பார்க்கலாம். வெர்மான்ட் செனட்டர் ஜேக்கப் காலமர் அப்படிப் போய்ப் பதுங்குகிறவர்களைச் சாடினார். அந்த ஆண்டுச் சட்டம் வலையை இன்னும் அகலமாக்கியது: வருமானம் எந்த நாட்டில் வந்தாலும் குடிமகன் வரி கட்ட வேண்டும்.

போர் முடிந்தது, 1872இல் வரியும் ஒழிந்தது. 1913இல் வருமான வரி திரும்பி வந்தபோது வெளிநாட்டில் வாழும் குடிமகனும் கூடவே சட்டத்துக்குள் வந்துவிட்டான். எரிச்சலுக்குக் காரணமான போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஜார்ஜ் குக். பிறப்பால் அமெரிக்கர், குடியிருந்தது மெக்சிகோ நகரில். சொத்தும் மெக்சிகோவில், வருமானமும் அங்கேதான். ஆனாலும் 1,193 டாலர் 38 சென்ட் கட்டச் சொல்லி அமெரிக்காவிலிருந்து நோட்டீஸ் வந்தது. முதல் தவணையாக 298 டாலர் 34 சென்ட்டை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 1924இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குடிமகன் எங்கிருந்தாலும் அவனுக்கும் அவன் சொத்துக்கும் தன் அரசால் நன்மை உண்டு, ஆகவே வரி கேட்கலாம் என்றது. குக்கின் மெக்சிகோ சொத்தை அமெரிக்கப் போலீஸா காவல் காத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

அயல்நாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை 1918இலேயே வந்துவிட்டது. ஆகவே பலருக்குக் கையிலிருந்து ஒன்றும் போகாது. கணக்குத் தாக்கல் செய்யும் தொல்லைதான் தீரவில்லை. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு சென்னையில் இருப்பவர்கூட இங்கே பேங்கில் போட்ட எஃப்.டி. வட்டியை அங்கே காட்ட வேண்டும். நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே அங்கிருந்து கிளம்பி, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான போரிஸ் ஜான்சனிடம், லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. கட்ட மாட்டேன் என்றார், பிறகு கட்டினார், 2016இல் அமெரிக்கக் குடியுரிமையையே கைகழுவினார். இதுபோல உலகெங்கும் தன் குடிமக்களைத் துரத்தும் இன்னொரு நாடு எரித்ரியா. அங்கே 2 சதவீதம்.

2010இல் வந்த அமெரிக்காவின் ஃபாட்கா சட்டம், ஆளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை உலக வங்கிகளின் தலையில் கட்டியது. ஒத்துழைக்காத வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் வருமானத்தில் 30 சதவீதம் பிடித்தம். இந்தியா 2015இல் ஒப்பந்தம் போட்டது. அதனால்தான் மன்னார்குடியை விட்டு நகராதவரும் மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பத்தில், பிறந்த நாட்டைக் குறிப்பிட்டு, தான் வேறெந்த நாட்டுக்கும் வரி கட்டுபவர் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறார். அந்த உறுதிமொழியை 2017 ஏப்ரல் 30க்குள் தராவிட்டால், 2014 ஜூலைக்கும் 2015 ஆகஸ்டுக்கும் இடையே தொடங்கிய கணக்குகள் முடக்கப்படும் என்று நம் வருமான வரித் துறையே கெடு விதித்தது.