வார்சா: 1953-ல் கட்டிய பழைய நகரம்

கட்டடக்கலைப் பித்து உள்ளவர்கள் ஐரோப்பாவுக்குப் போவதென்றால் ரோம், பாரீஸ், பார்சிலோனா, ப்ராக் என்றுதான் பட்டியல் போடுவார்கள். போலந்தின் தலைநகரமான வார்சா அதில் பெரும்பாலும் இருக்காது. "அங்கே என்ன இருக்கிறது? எல்லாம்தான் போரில் போய்விட்டதே!" என்பார்கள். போய்விட்டது உண்மைதான். அங்கே போய்ப் பார்க்க வேண்டியதே அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

பழைய நகரத்தின் நடுவில் சந்தைச் சதுக்கம் இருக்கிறது. சுமார் 90 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் குறுகலான, உயரமான வீடுகள். மஞ்சள், காவி, பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், கல் வாசற்படி, சுவரில் ஓவியம். யாரும் வரலாறு சொல்லித் தராவிட்டால், 17-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் கட்டிய வீடுகள் என்றே நம்பிவிடலாம். ஆனால் இந்தச் சதுக்கம் திறந்து வைக்கப்பட்டது 1953 ஜூலை 22 அன்று! சென்னையில் எத்தனையோ சினிமா தியேட்டர்கள் இதைவிட வயதில் மூத்தவை.

என்ன நடந்தது?

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 17-ல் குண்டு விழுந்து அரண்மனை எரிந்தது. அந்த மாதக் கடைசியில் நகரம் சரணடைந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் ஆக்கிரமிப்பு.

போருக்கு முன் வார்சாவில் சுமார் 13 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். அவர்களை மதில் எழுப்பி ஒரு பகுதியில் அடைத்தார்கள். 1942-ல் ரயிலில் ஏற்றி மரண முகாமுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் 1943 ஏப்ரலில் ஆயுதம் எடுத்தபோது, அந்தப் பகுதியை வீடு வீடாகக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 அன்று நகரமே கிளர்ந்தெழுந்தது. 63 நாள் சண்டை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், எழுச்சி தோற்றது.

இங்கேதான் வார்சாவின் கதை மற்ற ஊர்களின் கதையிலிருந்து பிரிகிறது. லண்டனிலும் ட்ரெஸ்டனிலும் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. வார்சாவில் சண்டை முடிந்து, மக்களை வெளியேற்றிய பிறகு, ஆளில்லாத ஊரில் தெருத் தெருவாகப் போய்த் தீ வைத்தார்கள். முக்கியமான கட்டடங்களின் சுவர்களில் துளை போட்டு வெடி வைத்தார்கள். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும்கூடத் தப்பவில்லை. போரில் அதனால் எந்த லாபமும் இல்லை. ஒரு ஊரின் ஞாபகத்தையே துடைத்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1945 ஜனவரி 17-ல் சோவியத் படையும் போலந்துப் படையும் உள்ளே வந்தபோது, பழைய நகரத்தில் நூற்றுக்கு 85-க்கு மேல் அழிந்து கிடந்தது.

வரைபடங்கள் தப்பிய கதை

சரி, எல்லாம் போன பிறகு அப்படியே திரும்பக் கட்ட எப்படி முடிந்தது? இதற்கான விடை ஒரு கல்லூரியில் இருக்கிறது.

வார்சா பாலிடெக்னிக்கில் போலந்துக் கட்டடக்கலைக்கு என்றே ஒரு துறை இருந்தது. அதன் தலைவர் பேராசிரியர் ஆஸ்கர் சொஸ்னோவ்ஸ்கி. 1920-களிலிருந்தே மாணவர்களை அனுப்பிப் பழைய கட்டடங்களை அளவெடுத்து வரையச் செய்தார். ஜன்னல் எவ்வளவு அகலம், படி எத்தனை, வளைவு எங்கே ஆரம்பிக்கிறது, எல்லாம் தாளில் ஏறியது. அந்தக் காலத்து மாணவர்களுக்கு இது அலுப்பான வேலையாகத்தான் இருந்திருக்கும். (எந்த ஊர் மாணவனுக்குத்தான் ரெக்கார்டு நோட்டு பிடித்தது?) 1939 முற்றுகையின்போது துறையின் சேகரிப்பைக் காக்கப் போய் சொஸ்னோவ்ஸ்கி காயம்பட்டு இறந்தார்.

அவருடைய வேலையை யான் ஸக்வாதோவிச் எடுத்துக்கொண்டார். ஆக்கிரமிப்புக் காலத்தில் போலந்துக்காரர்களுக்கு உயர்கல்வி தடை. ஆனாலும் வகுப்புகள் ரகசியமாக நடந்தன, வரைவதும் நிற்கவில்லை. எழுச்சி தோற்ற பிறகு, கொஞ்சம் நூலக, அருங்காட்சியகப் பொருள்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோக ஜெர்மானியர் அனுமதித்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் இந்த வரைபடங்களும் வெளியே போய், பியோத்ர்கூவ் என்ற ஊரில் ஒரு மடாலயத்தில் ஒளிந்திருந்தன. நகரம் விடுதலையானதும் திரும்பி வந்தன.

1945 பிப்ரவரியில் தலைநகர் புனரமைப்பு அலுவலகம் அமைந்தது. பழமையான கட்டடங்களுக்கான பொறுப்பு ஸக்வாதோவிச்சிடமே வந்தது. தலைநகரை லோட்ஸ் நகரத்துக்கு மாற்றிவிடலாம், இடிபாடுகளைப் போரின் நினைவாக அப்படியே விட்டுவிடலாம் என்றெல்லாம் யோசனைகள் எழுந்தன. பாதுகாப்புத் துறையில் இருந்தவர்களுக்கும் ஒரு கொள்கைச் சிக்கல் இருந்தது. இடிந்ததை இருந்தபடி காக்கலாம், ஆனால் இல்லாததைத் திரும்பக் கட்டினால் அது போலி என்பதுதான் அவர்கள் படித்த பாடம். ஸக்வாதோவிச்சுக்கும் அந்தப் பாடம் தெரியும். ஆனால் ஒரு தேசத்தின் சின்னங்களை வேண்டுமென்றே பிடுங்கும்போது, அந்தப் பாடத்தை ஒதுக்கி வைக்கலாம் என்பது அவர் வாதம். அந்த அலுவலகத்தின் ஆவணங்களை யுனெஸ்கோ 2011-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய நகரம் அதற்கு முன்பே, 1980-ல், உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. புதிதாகக் கட்டிய ஒன்றை அந்தப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமே இல்லை!

ஓவியர் பெல்லொட்டோ

வார்சா பற்றிப் படிக்கும் இடமெல்லாம் ஒரு ஓவியரின் பெயர் வரும். பெர்னார்தோ பெல்லொட்டோ. வெனிஸ்காரர், புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமகன். போலந்தில் இவரையே கனலெட்டோ என்பார்கள். மன்னர் ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்ட்டின் அரசவை ஓவியராக இருந்து 1780-ல் வார்சாவிலேயே இறந்தார். இவர் வரைந்த வார்சாக் காட்சிகளில் 22 இன்று அரண்மனையில் ஒரே அறையில் தொங்குகின்றன. போலந்து வரலாற்றைப் போலவே இந்த ஓவியங்களும் அலைந்தவை. ஜெர்மானியர் எடுத்துப்போய், போர் முடிந்ததும் மீட்கப்பட்டவை.

"பெல்லொட்டோவின் ஓவியங்களைப் பார்த்துப் பழைய நகரத்தைக் கட்டினார்கள்" என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். அது பாதி உண்மை. அவர் அதிகம் வரைந்தது அரண்மனைகளையும் அகலமான தெருக்களையும்தான். க்ரகோவ்ஸ்கியே ப்ரெட்மியெஸ்சி என்ற ராஜபாட்டையிலும் மியொதோவா தெருவிலும் அவர் ஓவியங்கள் நிஜமாகவே வழிகாட்டின. சந்தைச் சதுக்கத்துக்குக் கைகொடுத்தவை மாணவர்களின் வரைபடங்களும் போருக்கு முந்தைய புகைப்படங்களும்தான். இன்னொரு வேடிக்கை, பெல்லொட்டோ சில கட்டடங்களைக் கொஞ்சம் அழகுபடுத்தியும் வரைந்தவர். ஆக, ராஜபாட்டையின் சில முகப்புகள் 1939-ல் இருந்ததைவிட 18-ஆம் நூற்றாண்டு ஓவியத்துக்கே அதிகம் ஒத்துப்போகின்றன.

எதை விட்டுவிட்டார்கள்?

வார்சாவில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். "அப்படியே திரும்பக் கட்டினார்கள்" என்பது அவ்வளவு சரியில்லை.

போருக்கு முன் பழைய நகரம் நெரிசலான ஏழைகளின் குடியிருப்பு. வீடுகளுக்குப் பின்னால் இருட்டான கொல்லைக் கட்டடங்கள் அடைந்து கிடந்தன. அவற்றைத் திரும்பக் கட்டவே இல்லை. அந்த இடமெல்லாம் வெளிச்சமான முற்றங்களாகிவிட்டன. முகப்பைத் தாண்டி உள்ளே போனால், 1950-களின் அடுக்குமாடி வீடுகள்தான். சுவர் ஓவியங்களைத் தீட்டியவர்களும் அந்தக் காலத்து ஓவியர்களே.

புனித ஜான் பேராலயம் இன்னும் நல்ல உதாரணம். போருக்கு முன் அதற்கு 19-ஆம் நூற்றாண்டில் வைத்த ஆங்கிலேய பாணி கோதிக் முகப்பு இருந்தது. ஸக்வாதோவிச் அதைத் திரும்ப வைக்கவில்லை. இடைக்காலத்தில் இப்படி இருந்திருக்கும் என்று தீர்மானித்து, எளிமையான செங்கல் முகப்பு ஒன்றை எழுப்பினார். 19-ஆம் நூற்றாண்டு போலந்து அந்நியர் ஆட்சியில் இருந்த காலம். புதிய அரசுக்கோ அது முதலாளிகளின் காலம். இரண்டு காரணத்தாலும் அந்த நூற்றாண்டுக்கு ஆதரவில்லை. பழுது பார்த்திருக்கக்கூடிய எத்தனையோ 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் போருக்குப் பிறகு இடிக்கப்பட்டன. ஊரை அழித்ததில் கடைசிப் பங்கு ஊரைக் கட்டியவர்களுடையது என்று சொன்னால் கொஞ்சம் கொடுமையாக இருக்கும், ஆனால் முழுப் பொய் இல்லை. (பேராலயத்தின் பக்கச் சுவரில், ஜெர்மானியர் வெடி ஏற்றி அனுப்பிய சிறு டாங்கியின் சங்கிலிப் பட்டை பதிக்கப்பட்டிருக்கிறது. தேடிப் பாருங்கள்.)

நிலத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1945 அக்டோபரில் வந்த ஆணை வார்சாவின் நிலம் முழுவதையும் நகரத்தின் சொத்தாக்கியது. அது இல்லாமல் இத்தனை வேகமாகக் கட்டியிருக்க முடியாது. ஆனால் உரிமையாளர்களும் வாரிசுகளும் நடத்திய வழக்குகள் 21-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. செங்கல்லும் சும்மா வரவில்லை. பழைய கோட்டை வாசலான பார்பிகனை 1950-களில் கட்டியபோது நிஸா, வ்ரொத்ஸ்வாஃப் நகரங்களில் இடித்த கட்டடங்களின் பழைய செங்கற்களைக் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்கள் 1945 வரை ஜெர்மனியில் இருந்தவை. தலைநகர் எழுந்தபோது அங்கே சுவர்கள் விழுந்தன.

முரானூவ்

பழைய நகரத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் முரானூவ். யூதர்களை அடைத்த பகுதியின் பெரும்பங்கு இதுதான். இங்கே எதையும் திரும்பக் கட்டவில்லை. யாருக்காகக் கட்டுவது?

அள்ளிப் போட முடியாத அளவு இடிபாடு கிடந்தது. கட்டடக் கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் அந்த இடிபாட்டின் மேலேயே புதிய குடியிருப்பை அமைத்தார். உடைந்த செங்கல்லைப் பொடித்து சிமெண்டோடு கலந்து கட்டைகள் செய்து, அதிலேயே சுவர் எழுப்பினார்கள். இன்றும் அங்கே சில வீடுகள் தெருவைவிட உயரத்தில், மேட்டின் மேல் நிற்கும். படியேறிப் போக வேண்டும். அந்த மேடு மண் அல்ல. அங்கே வாழ்ந்தவர்களின் வீடுகள்.

சுவருக்குப் பூச்சு வேண்டாம், அந்தச் சிவந்த நிறமே நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்று லாஹெர்ட் நினைத்தார். பார்க்க இருண்டு கிடக்கிறது என்று எதிர்ப்பு வந்து, பிறகு பூசி வெள்ளையடித்தார்கள். பக்கத்தில் யூதர் வரலாற்று அருங்காட்சியகமான போலின் 2013-ல் திறந்தது. ஃபின்லாந்தின் ரைனர் மஹ்லமாக்கி வடிவமைத்தது. வெளியே கண்ணாடிப் பெட்டி போலத்தான் இருக்கும், உள்ளே சுவர்கள் மலைப்பிளவு போல வளைந்து பிரியும். சதுக்கத்துக்கு ஒரு மணி நேரம் கொடுப்பவர்கள் முரானூவுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கலாம்.

ஸ்டாலினின் பரிசு

நகரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவது கலாச்சார, அறிவியல் மாளிகை. உச்சிக் கம்பியோடு 237 மீட்டர். சோவியத் யூனியனின் "பரிசு". லெவ் ருத்னெவ் வடிவமைத்து 1955-ல் திறந்தது. மாஸ்கோவின் கோபுரங்களின் உடன்பிறப்பு என்றாலும், விளிம்புகளில் போலந்து மறுமலர்ச்சிக்கால அலங்கார மதில்களைக் காணலாம். "வார்சாவை ரசிக்கச் சிறந்த இடம் அதன் உச்சிதான், அங்கிருந்தால்தான் அது தெரியாது" என்பது ஊரில் பழைய ஜோக். 1989-க்குப் பிறகு இடிக்கச் சொன்னவர்கள் உண்டு. 2007-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்துவிட்டார்கள். 2022-ல் முடிந்த 310 மீட்டர் வார்சோ டவர் உயரத்தில் அதை முந்திவிட்டது.

அரண்மனை

பழைய நகரத்தைக் கட்டிய அரசு, அதன் வாசலில் இருந்த அரண்மனையை மட்டும் கால் நூற்றாண்டு காலி இடமாகவே விட்டது. கம்யூனிச அரசுக்கு மன்னரின் வீடு எதற்கு? 1971-ல்தான் முடிவு மாறியது. பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் கட்டினார்கள். 1939-ல் அரண்மனை எரிந்தபோது ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸும் அருங்காட்சியக ஊழியர்களும் கதவு, கல் அலங்காரம், மர வேலைப்பாடு என்று கிடைத்ததையெல்லாம் பிடுங்கிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவை புதுச் சுவர்களில் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பின. கோபுரக் கடிகாரம் 1939 செப்டம்பர் 17 அன்று நின்றது காலை 11.15-க்கு. 1974 ஜூலையில் அதே 11.15-க்கு மறுபடி ஓட விட்டார்கள். 1984-ல் பார்வையாளர்களுக்குத் திறந்தது.

அரண்மனைக்கு எதிரில் மன்னர் ஸிக்மண்டின் தூண். 1644-ல் நட்டது, 1944 செப்டம்பரில் விழுந்தது. சிலை தப்பியது, தூண் உடைந்தது. இப்போது சிலை நிற்பது 1949-ல் செய்த புதுத் தூணில். சிலையைப் படம் எடுத்துவிட்டுப் பலரும் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அரண்மனையின் பக்கவாட்டுக்குப் போனால், பழைய தூணின் துண்டுகள் புல்லில் கிடக்கின்றன. குண்டு பட்ட தழும்புகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.